சீனி மாதிரி மின்னிய இரும்பு

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலைப் பட்டறையில் நான் தொழில் பழகிய முதல் வருடம். அடித்து முடித்த உளியைத் தோய்ச்சல் போடுவதற்காக, அதாவது காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவதற்காக, அடுப்பில் வைத்துவிட்டுத் தே குடிக்கப் போனேன். கதை நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது சிவப்பைத் தாண்டி, முனை மஞ்சளாகத் தகித்துக்கொண்டிருந்தது. நன்றாகத்தானே காய்ந்திருக்கிறது என்று எண்ணெயில் முக்கிப் பதம் பார்த்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் துருப்பிடித்த நட்டு ஒன்றை வெட்டும்போது மூன்றாவது அடியில் முனை தெறித்தது. தெறித்த துண்டு யார் கண்ணையும் குத்தாதது என் அதிர்ஷ்டம்.

ஃபோர்மேன் ஐயா திட்டவில்லை. உடைந்த முகத்தை வெயிலில் காட்டினார்.

“என்ன தெரியுது?”

“சீனி மாதிரி மின்னுதுங்க ஐயா.”

பழைய அரம் ஒன்றை உடைத்துப் பக்கத்தில் வைத்தார். அது சாம்பலைத் தடவியதுபோல மழமழப்பாக இருந்தது. “உன்னுது சூடு தின்ன இரும்பு, தம்பி.”

ஏன் என்பது ஈப்போ மாலை வகுப்பில்தான் புரிந்தது. செம்பனையை முக்கோண வாக்கில், சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடுவோம் அல்லவா? செம்பிலும் அலுமினியத்திலும் ஓர் அடுக்கு அணுக்கள் அப்படித்தான் நிற்கின்றன. ஒரே திசையில் நட்ட ஒரு வயல் ஒரு படிக மணி. பக்கத்து வயலின் வரிசை வேறு கோணத்தில் ஓடும்; இரண்டும் சந்திக்கும் இடம்தான் மணி எல்லை. உலோகம் வளையும்போது டிஸ்லொகேஷன் என்னும் அடுக்குப் பிசகுகள் வரிசை வழியே நகர்கின்றன. குலை ஏற்றிய தள்ளுவண்டி மாதிரி அவை வரிசையிலே சுலபமாகப் போகும், எல்லையில் முட்டி நிற்கும். பின்னால் வருபவையும் வந்து சேரச் சேர முன்வண்டிக்கு நெருக்கடி கூடும். வயல் பெரிதானால் முட்டி நிற்கும் வண்டி வரிசையும் நீளம். அதனால் வெளியிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே எல்லை விட்டுக்கொடுத்துவிடும். சின்ன மணிகளில் அது நடக்காது.

இதை 1951இல் ஹால் என்ற ஆய்வாளரும் 1953இல் பெட்ச் என்ற ஆய்வாளரும் கணக்காக்கினார்கள்: மணியின் விட்டம் கால்பங்கானால், எல்லைகள் கூட்டித் தரும் பலம் இரண்டு மடங்கு. (கடும் வெப்பத்தில் கதை தலைகீழ். எல்லைகளே வழுக்கத் தொடங்கும். அதனால் விமான எஞ்சின் டர்பைன் இதழ்களை எல்லையே இல்லாத ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள்.) என் அடுப்பில் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிட்டன. விரிசலுக்கும் குறுக்கே நிற்க ஆளில்லை.

உளி உடைந்த அன்று மாலையே ஃபோர்மேன் ஐயா அதே உளியைச் சிவக்க மட்டும் காய்ச்சிக் காற்றில் ஆறவிடச் சொன்னார், மூன்று தடவை. புதிய மணிகள் பொடியாக முளைக்கும் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. “நிறத்தைப் பாரு” என்றார், அவ்வளவுதான். அப்புறம் எனக்கான தேயை அவரே கொண்டுவந்து அடுப்போரம் வைத்தார்.