சராசரிக்குள் 32 பேர்

கல்வியாண்டு முடிவில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் என் நான்காம் வகுப்புக்கு நேரே சராசரி மதிப்பெண் 58 என்று எழுதியிருந்தது. அதே பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது 62. "நாலு குறைஞ்சிருக்கே டீச்சர், என்ன காரணம்?" என்று கேட்டார்கள். கடுமையாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. "புதுசா வந்த பிள்ளைங்க..." என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். அந்தப் பாதி வாக்கியம் இன்றும் என்னை உறுத்துகிறது. காரணம் சொல்வதாக நினைத்து எட்டுக் குழந்தைகள் மேல் பழி போடப் பார்த்திருக்கிறேன். அதுவும் அவர்கள் இல்லாத இடத்தில்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு வகுப்பறையிலேயே உட்கார்ந்து, இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகப் பார்த்தேன். எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன். முந்தைய ஆண்டு 26 பேர், சராசரி 62. அவர்களில் நன்றாகப் படிக்கும் இருவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி 24 பேரின் பழைய சராசரி 61. இப்போது அவர்கள் 66-ல் நிற்கிறார்கள். நடுவில் வந்து சேர்ந்த எட்டுப் பேர், சேர்ந்த வாரம் நான் வைத்த எளிய தேர்வில் எடுத்தது 19; ஆண்டு முடிவில் 34. இரண்டும் ஒரே வினாத்தாள் இல்லை, நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் ஆண்டு இறுதித் தாள்தான் கடினமானது. மொத்தத்தையும் கூட்டி 32-ஆல் வகுத்தால் 58 வருகிறது. பழைய பிள்ளைகளும் ஏறியிருக்கிறார்கள், புதியவர்களும் ஏறியிருக்கிறார்கள், வகுப்பின் சராசரி மட்டும் இறங்கியிருக்கிறது.

பதினேழு வருடமாக ஆசிரியராக இருக்கிறேன். சராசரி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். என் வகுப்பின் சராசரியை அதுவரை இப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

அரசுத் தொடக்கப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. ஆண்டு நடுவில் வந்து நின்றாலும் சேர்த்துக்கொள்வோம். வேலைக்காக ஊர் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துப் பிள்ளை, அப்பா அம்மா பிரிந்து பாட்டி வீட்டுக்கு வந்த பிள்ளை, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை, ஒரு காது சரியாகக் கேட்காததை யாரும் கண்டுபிடிக்காமலே நான்காம் வகுப்பு வரை வந்துவிட்ட பிள்ளை, வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கும் பிள்ளை, எல்லாரும் ஒரே பெஞ்சில். இந்தக் கலவையைப் பற்றி இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒரு சாரார் மதிப்பெண் குறைவதற்கு அதைக் காரணமாகக் காட்டுவார்கள். இன்னொரு சாரார் ஆண்டு விழா மேடையில் அதைப் பெருமையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். இரண்டு பேருமே வகுப்புக்குள் வந்து ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதல் சாரார் கையில் ஓர் ஆதாரமும் வைத்திருப்பார்கள். 1966-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் ஒரு பெரிய அறிக்கை வந்தது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய தகவலைத் திரட்டி எழுதியது. பள்ளிக் கட்டடம், ஆய்வகம், செலவழிக்கும் பணம் ஆகியவற்றைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப் போகிறது என்று அது சொன்னது. "பார்த்தீர்களா, பள்ளியால் ஒன்றும் ஆகாது" என்று அதைச் சுருக்கிச் சொல்லிச் சொல்லியே பலர் பழகிவிட்டார்கள். அதே அறிக்கை, கூடப் படிக்கும் பிள்ளைகள் யார் என்பதும் ஒரு குழந்தையின் படிப்பைப் பாதிக்கிறது, வசதியற்ற பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்பு கூடுதல் என்றும் சொல்லியிருக்கிறது. அதாவது, யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கிறேன் என்பது வரைக்கும் அது என் வேலையைப் பற்றிய அறிக்கை. என்னைக் கைகழுவிவிடச் சொல்லும் அறிக்கையாக அதை என்னால் படிக்க முடியவில்லை.

அந்த எட்டுப் பேரில் ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் வீட்டில் பேசுவது வேறு மொழி. இந்தப் பக்கம் வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. விளையாட்டு நேரத்தில் அவள் சண்டை போடுவதைக் கேட்டால் வெளியிலிருந்து வந்தவள் என்றே தோன்றாது, அவ்வளவு சரளம். ஆனால் எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு பேனாவை மூடிவிடுவாள். "வாய் இவ்வளவு பேசுது, எழுத மட்டும் சோம்பல்" என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை, அவளுடைய பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதியும் வைத்தேன்.

ஒருநாள் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். 'மாலாவிடம் 12 பென்சில்கள் உள்ளன. அது குமாரிடம் உள்ளதைவிட 5 அதிகம். குமாரிடம் எத்தனை பென்சில்கள் உள்ளன?' அவள் 17 என்று எழுதியிருந்தாள். தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருப்பேன். அன்று ஏனோ அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். முதல் வரியைத் தடையில்லாமல் படித்தாள். இரண்டாவது வரியில் நின்றாள். விரலை ஒரு சொல்லின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், 'அது'ன்னா எது?"

எனக்கு உடனே புரியவில்லை. "பென்சில்தான்மா" என்றேன். "யார் பென்சில்?" என்றாள். கேள்வி அங்கேதான் இருந்தது. 'அது' மாலாவின் பன்னிரண்டைக் குறிக்கிறதா, இனிமேல் வரப்போகும் குமாருடையதையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால், கண்ணுக்குப் பட்ட 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூட்டிவிட்டாள். குச்சிகளை எடுத்துக் கொடுத்தேன். மாலாவுக்கு 12 குச்சியை வரிசையாக வைத்தாள். "இதுல அஞ்சு மாலாகிட்ட மட்டும்தான் இருக்கு, குமார்கிட்ட இல்ல" என்று நான் சொன்னதும், ஐந்தைத் தள்ளி வைத்துவிட்டு மீதியை எண்ணினாள். ஏழு. அவளுக்குக் கழித்தல் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துக் காட்டியிருக்கிறார். புதிய மொழியில் சகஜமாகப் பேசக் குழந்தைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போதும். பாடப் புத்தகத்தின் மொழியில் தன் வயதுப் பிள்ளைகளுக்கு இணையாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரைகூட ஆகும். விளையாட்டுத் திடலில் கேட்ட சரளத்தை வைத்து நான் எழுத்தை எடைபோட்டிருந்தேன். 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்ததை அன்றே அடித்துவிட்டு, பக்கத்தில் 'வாக்கியத்தில் அது, இது, அவை எதைக் குறிக்கின்றன என்பதில் உதவி தேவை' என்று எழுதினேன். நீளமான குறிப்புதான். அதை வைத்துக்கொண்டு மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது. 'கவனக்குறைவு' என்பதை வைத்துக்கொண்டு திட்டத்தான் முடியும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. சந்தேகம் வந்து எல்லா நோட்டுகளையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்தக் கணக்குக்கு 17 என்று எழுதியிருந்தவர்கள் பதினொரு பேர். புதியவர்கள் அதில் மூன்றே பேர். மற்ற எட்டுப் பேரும் இந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 'அதிகம்' என்றால் கூட்டு, 'குறைவு' என்றால் கழி என்று குறுக்குவழி பழகியிருந்தார்கள். மற்ற கணக்குகளில் அந்தக் குறுக்குவழி பலித்துவிட்டதால் அவர்களும் கேட்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை. புதியவர்கள் வந்ததால் வகுப்பின் தரம் இறங்கிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேனே, அவர்களில் ஒருத்தி கேட்ட கேள்வியால்தான் என் பாடத்திலிருந்த ஓட்டை எனக்கே தெரிந்தது. அந்த வாரம் முழுக்க வகுப்புக்கே கணக்கைச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாக்கியத்தைப் படித்து, குச்சி வைத்துக் காட்டினால் போதும்.

1974-ல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனக் குழந்தைகள் சார்பில் தொடுத்த வழக்கு அது. ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாக ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். நானும் எல்லாருக்கும் ஒரே கணக்கைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாரபட்சம் காட்டாத ஆசிரியை என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

'மெல்லக் கற்போர்' பட்டியல் பற்றியும் ஒரு விஷயம். ஒன்பது பேர் பெயர் அதில் இருந்தது. மதிப்பெண் பட்டியலைக் கிளறிய அதே வேகத்தில், சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து அவர்களின் பிறந்த தேதியையும் எடுத்து எழுதினேன். ஆறு பேர் அந்த வகுப்பிலேயே வயதில் இளையவர்கள். வயது வரம்புக்கு ஓரத்தில் நின்று சேர்ந்தவர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய பிள்ளைக்கும் இவர்களுக்கும் பத்து, பதினோரு மாதம் வித்தியாசம். எட்டு வயதில் பதினோரு மாதம் என்பது சின்ன விஷயமா? பல நாடுகளின் மாணவர்களை வைத்து 2006-ல் வந்த ஓர் ஆய்வு, நான்காம் வகுப்பில் மிக இளைய பிள்ளைகள் மிக மூத்தவர்களைவிட 4 முதல் 12 சதமானம் வரை (நூறு பேரை வரிசைப்படுத்தினால் அத்தனை இடம்) பின்தங்குகிறார்கள் என்று காட்டியது. மொழி, ஊர், வசதி என்று பலவகைப்பட்ட மாணவர்களைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். பிறந்த மாதத்தைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பட்டியலை நான் இப்போது எழுதுவதில்லை.

கூடிப் படிக்க வைக்கும் முயற்சி முதலில் தோற்றது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-ல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் செய்து பார்த்த முறை ஒன்று உண்டு. இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகளை ஒன்றாக்கிய நேரம், பிள்ளைகளுக்குள் பகை. அவர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் துண்டைக் கேட்காமல் யாருக்கும் முழுப் பாடம் கிடைக்காது. நான் நீர்ச் சுழற்சிப் பாடத்தை ஐந்தாகப் பிரித்து அதே மாதிரி கொடுத்தேன். வாசிக்கத் திணறும் பிள்ளை எழுந்து நிற்க, "சீக்கிரம் சொல்லுடா" என்று மற்ற நால்வரும் நெருக்க, ஒருவன் அழுதே விட்டான். அந்த முறையில் ஒரு படியை நான் விட்டுவிட்டிருந்தேன். ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாரும் முதலில் தனியாகக் கூடி, அதைப் படித்துப் பேசித் தயாராகிவிட்டுத்தான் தங்கள் குழுவுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த முறை அப்படிச் செய்தோம். அழுத அதே பையனுக்கு நிலத்தடி நீர். அவன் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்குப் போகிறவர். "முதல்ல மண்ணு வரும். அப்புறம் பாறைத் தூள் வெள்ளையா பறக்கும், மூக்க மூடிக்கணும். திடீர்னு தூள் ஈரமா வரும். அப்போ எல்லாரும் கத்துவாங்க" என்றான். புத்தகத்தில் அது மூன்று வரி. குழுவில் இருந்த நால்வரும் வாய் திறக்காமல் கேட்டார்கள். அவனுடைய வாசிப்பு அதனால் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் நெருக்குவது நின்றது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு தாய் வந்து, "நீங்க அந்தப் பிள்ளைங்களயே பாத்துக்கிட்டிருக்கீங்க டீச்சர். என் பொண்ணு வேலைய முடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கா" என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் மகள் 90-க்கு மேல் வாங்குகிறவள், அதனாலேயே என் கண்ணில் படாமல் போனாள். அவளுக்கும் அந்த ஆண்டு ஓர் அடி முன்னேற்றம் நான் தர வேண்டியிருந்தது. இப்போது முடித்தவர்களைக் கணக்கு எழுதச் சொல்கிறேன்: விடை கொடுத்துவிடுவேன், அந்த விடை வரும்படியாகக் கேள்வியை அவர்கள் உருவாக்க வேண்டும். போதுமா என்றால், போதாது. எட்டில் இருவர் ஆண்டு முடிந்ததும் வேறு எங்கோ போய்விட்டார்கள். எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தும் தெரியவில்லை.

அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்கு ஒரு தாள் எடுத்துப் போனேன். பெயர், பிறந்த தேதி, பள்ளியில் சேர்ந்த நாள், சேர்ந்தபோது வாசிப்பு எந்த அளவில் இருந்தது, இப்போது எந்த அளவு, எதில் உதவி தேவை. படிவத்தில் சராசரிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. எண்ணை எழுதினேன். தாளைப் பின்னால் சேர்த்து ஊசி குத்திக் கொடுத்தேன். தலைமையாசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணாங்கிளாஸ் டீச்சருக்கும் இதுல ஒரு காப்பி கொடுங்கம்மா" என்றார்.

இந்த ஆண்டு இதுவரை மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.