தோட்டத் தமிழர் ஆய்வுக்கு ஜேஸ்டோர்: சிக்காத கட்டுரைகளைச் சிக்கவைப்பது

மலேசியத் தோட்டத் தமிழர் வரலாற்றை ஆய்வேட்டுக்கு எடுப்பவர்களுக்கு, ஆய்விதழ்க் கட்டுரைகளின் விவரங்களைத் தரும் தரவுத்தளமான ஸ்கோபஸ் இரண்டாம்பட்சம்தான். முதலில், பழைய ஆய்விதழ்களை முழுமையாக வைத்திருக்கும் இணையக் காப்பகமான ஜேஸ்டோர். அரச ஆசியக் கழகத்தின் இந்நாட்டுக் கிளை வெளியிட்ட இதழ் 1878 முதல் அங்கே கிடைக்கிறது. நீரிணைக் கிளை, 1923-இல் மலாயாக் கிளை, 1964-இல் மலேசியக் கிளை என்று பெயர் மாறிக்கொண்டே வந்ததால், இதழ்ப் பெயரை வைத்து வடிகட்டினால் மூன்றையும் சேர்க்க வேண்டும்.

பலர் சறுக்குவது தேடுசொல்லில். கங்காணி (தோட்டத்துக்கு ஆள்சேர்த்து மேற்பார்த்தவர்) என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ’யில் முடித்தவர்கள் உண்டு, ‘ஒய்’யில் முடித்தவர்களும் உண்டு. கடைசி எழுத்தை எடுத்துவிட்டு நட்சத்திரக்குறி போட்டால் இரண்டும் வந்துவிடும். நடுவில் ‘ஜி’க்குப் பதில் ‘கே’ போட்டவர்களை இது பிடிக்காது. அந்த எழுத்துக்கூட்டலை ‘ஆர்’ (OR, அல்லது) போட்டுத் தனியாகச் சேருங்கள். பினாங்குக்கும் இதே பாடு: பெனாங், பினாங், பழைய பதிவுகளில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஐலண்ட். ‘மலேசியா’ என்று மட்டும் அடித்தால் 1963-க்கு முந்தியவற்றில் பெரும்பகுதி நழுவிவிடும். ‘மலாயா’ கட்டாயம் வேண்டும்.

ஒரே பொருள் தரும் சொற்களை ‘ஆர்’ போட்டு அடைப்புக்குறிக்குள் வைத்து, அடுத்த தொகுதியை ‘ஆண்ட்’ (AND) கொண்டு இணையுங்கள். ஜேஸ்டோரில் இவ்விரண்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கூகுள் ஸ்காலரில் நட்சத்திரக்குறி உதவாது; ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் தனியாக அடிக்கத்தான் வேண்டும்.

ஜேஸ்டோர் கட்டுரை முழுவதிலும் தேடுவதால் முடிவுகள் வந்து குவியும். உடனே ‘ஆய்வுச்சுருக்கம்’ என்ற புலத்துக்கு மாற்றாதீர்கள். பழைய கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கமே கிடையாது, அத்தனையும் காணாமல் போய்விடும். இரண்டு சொற்களை மேற்கோள்குறிக்குள் வைத்து, ஒட்டினாற்போல் அலைக்குறியும் (~) 10 என்ற எண்ணும் போடுங்கள். இரண்டும் பத்துச் சொல் இடைவெளிக்குள் வரும் கட்டுரைகள் மட்டும் மிஞ்சும்.

வீட்டிலிருந்து தேடும்போது நேராக ஜேஸ்டோருக்குப் போனால் காசு கேட்கும். மலாயாப் பல்கலைக்கழகமோ யூஎஸ்எம்மோ (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), உங்கள் நூலகப் பக்கத்தில் மாணவர் கணக்கைக் கொண்டு நுழைந்து அதன் வழியாகப் போங்கள். கல்விக்கூடம் எதிலும் இல்லாதவர்கள் இலவசக் கணக்குத் திறந்து 30 நாளுக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம், பதிவிறக்க முடியாது.

மேற்கோள் விவரங்களை, அவற்றைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளான சொடேரோவுக்கு இறக்கிய பிறகு நம்மவர் பெயர்களை ஒரு முறை பாருங்கள். கடைசியில் நிற்கும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். சில பதிவுகளில், மலாயில் ‘மகன்’ என்று பொருள்படும் ‘அனாக் லெலாக்கி’யின் சுருக்கமும் (a/l) பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆசிரியர் பெயரை ஒற்றைப் புலத்துக்கு மாற்றி, கட்டுரையின் முதல் பக்கத்தில் இருப்பதுபோலவே அடித்துவிடுங்கள்.