வாட்டம் தப்பினால் எல்லாம் தப்பும்

கழிவுநீர்த் திட்டம் என்றதும் பெரிய பம்பும் சுத்திகரிப்பு நிலையமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கு முதலில் வருவது வாட்டம், அதாவது கழிவுநீர் தானாக ஓடக் குழாய்க்குக் கொடுக்கும் சரிவு. 200 மில்லிமீட்டர் குழாய்க்கு 250-க்கு 1, அதாவது 100 மீட்டருக்கு வெறும் 40 சென்டிமீட்டர் இறக்கம், அவ்வளவுதான். அதில் கோட்டை விட்டால் கழிவுநீர் கசடை அடித்துச் செல்லத் தேவையான நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தைத் தொடாமல் மந்தமாக நகரும், மணலும் கசடும் அடியில் தங்கி அழுகும், அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடை மேல்சுவரில் இருக்கும் பாக்டீரியா கந்தக அமிலமாக்கி கான்கிரீட்டை அரித்துவிடும். தண்ணீர் படாத மேல்பக்கம்தான் முதலில் போகும், வேடிக்கை!

அப்புறம், மழை பெய்தால் மட்டும் மேன்ஹோல் பொங்குகிறது என்றவுடன் பெரிய குழாய் போடச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. மழைநீர் எங்கிருந்தோ கழிவுநீர்க் குழாய்க்குள் புகுகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முதலில் புகைச் சோதனை. மேன்ஹோல் வாயில் ஊதுவிசிறியை வைத்து புகையை உள்ளே செலுத்திவிட்டு தெருவில் நடந்து பாருங்கள், ஏதாவது ஒரு வீட்டுக் கூரையின் மழைநீர்க் குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வரும், யார் எதை எங்கே இணைத்தார்கள் என்று விசாரிக்கவே வேண்டாம். (குடியிருப்பவர்களிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்.) குழாய் உடைந்திருந்தால் மண்ணிலிருந்தே புகை கசியும்.

குடிநீர்ப் பக்கம் கதை வேறு. அங்கே அழுத்தம் தள்ளுவதால் குழாய் மேடேறியும் போகலாம், மேட்டின் உச்சியில் தேங்கும் காற்றை வெளியேற்றும் காற்று வால்வு வைக்க மறக்காமல் இருந்தால் சரி.