தொப்பூர் ஏற்றமும் காஸ்வொர்த் டர்போவும்

டர்போ என்பது எஞ்சின் கக்கும் சூடான புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் காற்றாடி. 1980-களின் டர்போ கார் ஃபோர்டு சியரா ஆர்.எஸ். காஸ்வொர்த்தின் ஒய்.பி. எஞ்சின் 1993 சி.சி., நாலு சிலிண்டர், 16 வால்வு. அடியில் ஃபோர்டின் பழைய பின்டோ எஞ்சினின் இரும்பு பிளாக். மேலே காஸ்வொர்த் என்ற பிரிட்டிஷ் எஞ்சின் கம்பெனி செய்த அலுமினிய ஹெட். ரோட்டு வண்டியில் 204 குதிரைத்திறன். ரோட்டு வண்டிகளை மாற்றி ஓட்டும் குரூப் ஏ டூரிங் கார் பந்தயத்துக்காக 1987-இல் வந்த அதன் ஆர்.எஸ்.500 மாடலில் பிளாக் சுவர் கூடுதல் தடிமன், டர்போ பெரிசு, பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர் எட்டு. ரோட்டில் அதில் நாலு சும்மாதான் கிடக்கும்! பந்தயத்தில் பூஸ்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை, ஏற்றும்போது பெட்ரோல் போதாமல் போனால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்து பிஸ்டன் ஓட்டையாகிவிடும், அதற்குத்தான் எட்டு. அப்படி 500 குதிரைத்திறனைத் தாண்டினார்கள்.

டர்போவின் சூடு நம்ம ஊர் டீசல் வண்டிக்கும் பொதுதான். சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றத்தை மிதித்து ஏறி வந்ததும் டீக்கடையில் சட்டென்று ஆஃப் பண்ணாதீர்கள். ஆயில் ஓட்டம் நின்று, பேரிங்கில் தேங்கியது கரியாகிவிடும். ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள்.

நீலப் புகை, புது விசில் சத்தம் வந்தால், எஞ்சின் ஆறினபிறகு ஏர் ஹோஸைக் கழற்றி டர்போவின் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் பரவாயில்லை. முன்னும் பின்னும் ஆடினாலோ, பிளேடு உரசினாலோ டர்போ போச்சு. புதுசு மாட்டும்போது டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பையும் மாற்றணும். அடைத்த பைப் புதுசையும் சீக்கிரமே காலி பண்ணிவிடும்.