கட்டுரைக்கு அது தேவையா?

ஒரே மாணவர், ஒரே திரைப்படத்தைப் பற்றி, ஒரே பருவத்தில் எழுதிய இரண்டு கட்டுரைகளில் முதலாவதற்கு ‘சி’யும் இரண்டாவதற்கு ‘ஏ’யும் கொடுத்தேன். எங்கள் சமுதாயக் கல்லூரியின் அளவுகோலின்படி இரண்டும் சரியான மதிப்பீடுகள்தாம். வேறோர் ஆசிரியர் திருத்தியிருந்தாலும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த இரண்டு கட்டுரைகளுக்கும் நடுவே என் அலுவலக அறையில் நடந்த சில நிமிடப் பேச்சை என்னால் முடித்து வைக்க இயலவில்லை. அதில் நான் சொன்ன பதிலை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

படம் ஜான் ஃபோர்டு இயக்கி 1956-இல் வெளிவந்த ‘தி சர்ச்சர்ஸ்’. வடக்கு அரிசோனாவில் கௌபாய் படங்களையும் எல்லைப்புற நாவல்களையும் பாடமாக நடத்துகிறவர்கள் அதைத் தவிர்க்க முடியாது. கொமாஞ்சி என்னும் பூர்வகுடியினர் கொண்டுசென்ற ஒரு சிறுமியை அவளுடைய உறவினர் மீட்கத் தேடி அலையும் கதை அது; டெக்சாஸில் நடப்பதாகப் படத்தின் தொடக்க எழுத்து சொல்கிறது. திரையில் தெரிவதோ அரிசோனாவும் யூட்டாவும் சந்திக்கும் மான்யுமென்ட் வேலி, அதாவது நவஹோ என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். கதையின் கொமாஞ்சி வீரர்களாகக் குதிரையேறி வருகிறவர்கள் நவஹோக்கள். அவர்களுடைய தலைவனாக நடித்தவர் பெர்லினில் பிறந்த ஒரு வெள்ளைக்கார நடிகர். படம் குறிப்பிடும் ஆண்டு 1868. பாஸ்க் ரெடோண்டோ முகாமில் நான்கு ஆண்டுகளாக அடைபட்டிருந்த நவஹோக்கள், அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு தம் நிலத்துக்குத் திரும்பி நடந்ததும் அதே 1868-இல்தான். இந்த ஒற்றுமையைச் சொல்லும்போது வகுப்பு ஒரு கணம் அமைதியாகும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு பருவமும் அதற்காகவே அந்த வாக்கியத்தைச் சற்று நிதானமாகச் சொல்வேன்.

இந்த மாணவர் நவஹோ. ஆகவே அந்த அமைதியில் அவரும் இருப்பார், ஒருவேளை மற்றவர்களைவிட ஆழமாக இருப்பார் என்று நான் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. அவரோ என் எதிர்பார்ப்புகளை ஒவ்வொன்றாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். செவ்விந்தியர்கள் மறைந்துவருகிறார்கள் என்று தலைப்பிலேயே அறிவிக்கும் 1920-களின் நாவல் ஒன்றைப் பற்றிப் பேசியபோது, சனிக்கிழமைகளில் தம் ஊர்க் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை, மறைவதை யாராவது கொஞ்சம் விரைவுபடுத்தினால் நல்லது என்றார். பதிவு செய்துகொண்ட நவஹோக்கள் இன்று ஏறக்குறைய 4 லட்சம் பேர். ஃபோர்டு 1964-இல் எடுத்த படத்தில் செயென் என்ற வேறொரு பூர்வகுடியினராக நடித்த நவஹோக்கள், உருக்கமான காட்சிகளில் தம் மொழியில் கிண்டலாக எதையெதையோ பேசிவிட்டார்கள் என்ற கதையை நான் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. தாம் இதுவரை படித்த ஆசிரியர்கள் எல்லோரும் அதைச் சொல்லிவிட்டார்கள் என்று பணிவாகத் தெரிவித்தார்.

கட்டுரைக்கு நான் கொடுத்திருந்த வினா இது: பூர்வகுடிகளை இந்தப் படம் எவ்வாறு சித்திரிக்கிறது, அந்தச் சித்திரிப்புக்கு உங்கள் எதிர்வினை என்ன? அவருடைய முதல் கட்டுரையில் சித்திரிப்பு என்ற சொல்லே வரவில்லை. ஆற்றைக் கடந்து தாக்க வரும் கொமாஞ்சிகள் சுட்டு வீழ்த்தப்படும் காட்சியில் விழுகிறவர்களுள் ஒருவர் தம் பாட்டியின் தந்தை என்று தொடங்கியிருந்தார். வீட்டில் அந்தப் படம் ஓடும்போதெல்லாம், புதைத்த பிணம் ஒன்றின் கண்களைக் கதாநாயகன் ஜான் வெய்ன் சுடும் இடம் வருவதற்கு முன்பே பாட்டி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்; இறந்தவர்களின் உடல் தொடர்பான எதையும் பார்க்கலாகாது என்பது அவருடைய வழக்கம். ஆற்றுக் காட்சிக்குச் சரியாகத் திரும்பி வந்து உட்கார்ந்து, தந்தை குதிரையிலிருந்து விழுவதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, இது மூன்றாவது முறை எடுத்தது, முதல் முறை இதைவிட நன்றாக விழுந்தாராம் என்பார். இறந்தவரைத் திரையில் பார்ப்பது மட்டும் தகுமா என்று குடும்பத்தில் சிலர் கேட்பதும், அவர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை என்பதும் ஒரு பத்தி முழுதும் இருந்தன. பிறகு குதிரைகளைப் பற்றி இரண்டு பக்கங்கள். எந்தக் குதிரை யாருடையது என்பதும், திரையில் துரத்திக்கொண்டு போகிறவர்கள் ஒரு பாறையைத் தாண்டியதும் முப்பது மைல் தள்ளியிருக்கும் இன்னொரு பாறைக்கு முன்னால் வந்து நிற்பதைக் கண்டு வீட்டில் எல்லோரும் சிரிப்பதும் அவற்றில் இருந்தன.

இடையில், எந்த விளக்கமும் இல்லாமல், ஒரு வாக்கியம். அந்த ஆண்டுகளில் கையில் காசு வரும் வேலைகள் இரண்டே இருந்தன, ஒன்று சினிமா, மற்றொன்று யுரேனியச் சுரங்கம். கொள்ளுத்தாத்தா சினிமாவுக்கும் அவருடைய தம்பி சுரங்கத்துக்கும் போனார்கள் என்பது அந்த வாக்கியம். ஓரத்தில் ‘இதை விரிவுபடுத்துங்கள்’ என்று எழுதினேன். அது நல்ல குறிப்புதான். 1930-களில் அரசாங்கம் நவஹோக்களின் ஆட்டுமந்தைகளைக் கட்டாயப்படுத்திக் குறைத்துப் பிழைப்பைப் பறித்த பின்புதான், 1938-இல் ஃபோர்டு முதன்முறையாக அந்தப் பள்ளத்தாக்குக்குப் படமெடுக்க வந்தார். துணை நடிகர்களுக்குக் கிடைத்த நாட்கூலி அங்கே பெரிய பணமாக இருந்தது. நாற்பதுகளிலிருந்து அதே பகுதியில் அணுகுண்டுக்கான யுரேனியம் வெட்டப்பட்டது. சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் பலர் பின்னாளில் நுரையீரல் நோயால் இறந்தனர். இவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. இருந்தது என்பது எனக்குத் தெரிந்ததால்தான் விரிவுபடுத்தச் சொன்னேன். ஆனால் ஒரு வாசகராக எனக்கு அது விரியாமலே புரிந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

திருத்தி எழுதுவதற்கு முன் என்னைச் சந்திக்க வந்தார். கட்டுரை சுவையாக இருக்கிறது, ஆனால் வினாவுக்கு விடை சொல்லவில்லை என்றேன். அவர் தலையசைத்தார். வினாவைச் சற்று எளிமையாக்கலாம் என்று நினைத்து, “இந்தப் படம் உங்களைப் புண்படுத்தவில்லையா?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த தம் கட்டுரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, “கட்டுரைக்கு அது தேவையா?” என்றார்.

அந்தக் குரலில் கேலி இருந்ததா என்று எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்; கேலி செய்கிற மாணவருக்குப் பதில் சொல்லத் தெரியும். அவர் கேட்ட தொனி, பக்க எண் போட வேண்டுமா, மேற்கோள் எத்தனை வேண்டும் என்று கேட்கும் தொனி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற ஒருவர், என்ன செய்தால் தேர்ச்சி கிடைக்கும் என்று நேரடியாகத் தெரிந்துகொள்ள விரும்புவதில் தவறில்லை. நான், “ஒரு நிலைப்பாடு தேவை” என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டார்.

நிலைப்பாடு என்றுதான் சொன்னேன், வருத்தம் என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு என்னால் நெடுநேரம் வாதாட முடியும். படம் சிறந்த படம் என்றுகூட அவர் வாதிட்டிருக்கலாம். அப்படி எழுதிய மாணவர்களுக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய நொடியில் நான் கேட்ட கேள்வி என்ன என்பது அறையில் இருந்த இருவருக்கும் தெரியும்.

இரண்டாவது கட்டுரை வந்தது. கொமாஞ்சித் தலைவன் வேடத்தை வெள்ளையருக்குக் கொடுத்தது, கொமாஞ்சிப் பெண் ஒருத்தி சரிவில் உதைத்து உருட்டப்படுவதைச் சிரிப்புக்கான காட்சியாக வைத்தது, நவஹோ நிலத்தை வெறும் பின்னணியாக்கியது எனக் குறை காண முடியாத வரிசையில் வாதம் நகர்ந்தது. 1836-இல் கொமாஞ்சிகளால் சிறுமியாகக் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களோடு மணம்செய்து வாழ்ந்து, 1860-இல் ‘மீட்கப்பட்ட’ பிறகு கொமாஞ்சிகளிடமே திரும்ப முயன்று முடியாமல் போன சிந்தியா ஆன் பார்க்கரைக் கொண்டுவந்து, மீட்பு என்று படம் கொண்டாடுவது யாருக்கு மீட்பு என்று கேட்டிருந்தார். கோபம் ஒவ்வொரு பத்தியிலும் அளவோடு இருந்தது. பாட்டி இல்லை, குதிரைகள் இல்லை, சுரங்கமும் இல்லை. ‘ஏ’ கொடுத்தேன், கொடுக்காமலிருக்க எந்த வழியும் இல்லை.

அந்தக் கோபம் அவருடையதா, என்னுடையதா என்பதில்தான் நான் சிக்கிக்கொள்கிறேன். முதல் கட்டுரைதான் அவர், இரண்டாவது எனக்காகப் போட்ட வேடம் என்று நினைப்பது எனக்கு இதமாக இருக்கிறது. இதமாக இருப்பதாலேயே அதை நம்பத் தயங்குகிறேன். இருபது வயதில் ஒருவருக்குப் பாட்டியோடு சேர்ந்து சிரிக்கவும் தெரியும், கோபப்படவும் தெரியும். பாட்டியும் குதிரையும்தான் உண்மையான நவஹோ, வாதமும் வரலாறும் வெளியிலிருந்து ஒட்டியவை என்று நான் நினைத்தால், நான் வகுப்பில் குறை சொல்லும் படங்களுக்கும் எனக்கும் அதிக தூரம் இல்லை.

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றும் உண்டு. நவஹோ என்ற பெயரை நான் முதலில் அறிந்தது எந்த வரலாற்று நூலிலும் அல்ல, சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில். 1948-இல் இத்தாலியில் பிறந்த காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நவஹோக்களின் தலைவர் இரவுக் கழுகார் அவர்; இணைபிரியாத் தோழர் கிட் கார்சன். விடுமுறை நாட்களில் அந்த இருவரோடு அரிசோனாப் பாலைவனம் முழுதும் குதிரையில் அலைந்திருக்கிறேன். உண்மையான கிட் கார்சன்தான் 1863-64-இல் நவஹோக்களின் பயிர்களை எரித்து, மந்தைகளைப் பறித்து, அவர்களைப் பட்டினியால் பணியவைத்த படையெடுப்பை நடத்தியவர் என்பதும், அதன் பின் 8000-க்கும் மேற்பட்டவர்கள் நூற்றுக்கணக்கான மைல் நடத்தப்பட்டு பாஸ்க் ரெடோண்டோ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்பதும் இந்த நாட்டுக்கு வந்த பிறகே எனக்குத் தெரியவந்தன.

கார்சனைப் பற்றி வகுப்பில் நான் சொல்லும் வேறொரு நிகழ்ச்சி உண்டு. 1849-இல் அப்பாச்சி என்னும் பூர்வகுடியினர் கொண்டுசென்ற ஒயிட் என்ற பெண்ணைத் தேடிப்போன படைக்கு அவர் வழிகாட்டி. போய்ச் சேர்ந்தபோது அவள் அப்போதுதான் கொல்லப்பட்டிருந்தாள். முகாமில் கிடந்த பொருள்களுக்கிடையே ஒரு மலிவுக் கதைப்புத்தகம் கிடைத்தது. அதன் நாயகன் கார்சனேதான், நூற்றுக்கணக்கில் செவ்விந்தியர்களைக் கொன்று குவிக்கும் வீரர். அந்தப் பெண் அதைப் படித்து, அவர் வந்து காப்பாற்றுவார் என்று காத்திருந்திருப்பாளோ என்ற எண்ணம் தம்மை விடவில்லை என்று அவர், தாம் சொல்லப் பிறர் எழுதிய நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். எல்லைப்புறக் கதைகளின் ஆற்றலைக் காட்ட இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி இல்லை என்பது என் எண்ணம். நான் சொல்லி முடித்ததும் இந்த மாணவர் கேட்டது, கார்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, அந்தப் புத்தகத்தை அவருக்கு யார் படித்துக் காட்டினார்கள் என்பது. அதை நான் அதுவரை யோசித்ததில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று அந்தக் கதையை உரக்க வாசித்திருக்க வேண்டும்.

பருவம் முடியும் நாட்களில் டெக்ஸ் இதழ் ஒன்றை அவருக்குக் காட்டினேன். தமிழ் எழுத்துகளுக்கு நடுவே நவஹோ தலைவரும் கார்சனும் தோளோடு தோள் நிற்கும் கட்டத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அங்கேயே படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினார். பிறகு, “கார்சனை உங்களுக்குப் பிடிக்குமா?” என்று கேட்டார். கதையில் வரும் கார்சனை மிகவும் பிடிக்கும் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த அன்புக்கு ஒரு நிலைப்பாடு வேண்டும் என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

அடுத்த பருவத்தில் வினாவை மாற்றினேன். ‘உங்கள் எதிர்வினை என்ன’ என்பதை எடுத்துவிட்டு, ‘இந்தப் படத்தை நீங்கள் யாரோடு, எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதலாம்’ என்று போட்டேன். வந்தவற்றில் பெரும்பாலானவை மோசமான கட்டுரைகள். பாதிப் பேர் சோளப்பொரியைப் பற்றி எழுதினார்கள். பழைய வினாவையே மீண்டும் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் இப்போது நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல விண்ணப்பித்து, பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதியிருந்தார். எழுத்து மாதிரியாக இரண்டாவது கட்டுரையை இணைத்திருந்தார். எதை அனுப்பலாம் என்று என்னிடம் கேட்கவில்லை. முதலாவதை அனுப்புங்கள் என்று நானாகச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. சேர்க்கைக் குழுவினர் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. தன் போக்கில் சிந்திக்கக் கூடியவர் என்று கடிதத்தில் எழுதினேன். அதற்குச் சான்றாகக் கட்டுரைகள் இரண்டையும் விட்டுவிட்டு, அந்தப் புத்தகத்தைக் கார்சனுக்கு யார் படித்துக் காட்டினார்கள் என்று அவர் கேட்டதைக் குறிப்பிட்டேன்.