கருடன் தின்ற பஃபர்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்கு 12 ஆண்டுகள் கழித்துக் குடமுழுக்கு நடக்கப்போகிறது என்று பெரியப்பா தொலைபேசியில் சொன்ன மறுகணமே, படம் எடுக்கும் பொறுப்பை அவர் கொடுக்காமலேயே நான் எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் இருந்தது. மாதத் தவணையில் வாங்கிய கேமரா ஒன்று எட்டு மாதமாக அலமாரியில் துணி சுற்றிக் கிடந்தது. 24 மெகாபிக்சல், நொடிக்கு 7 படம். இந்த ஏழைப் பற்றி நான் பெருமையாகப் பேசும்போதெல்லாம் என் மனைவி, "ஒரு நொடியில ஏழு படம் எடுக்கிற மாதிரி நம்ம வீட்ல என்ன நடக்குது?" என்று கேட்பது வழக்கம். கலசத்தின் மேல் தண்ணீர் விழும் அந்தக் கணத்தைப் பிடித்து, அந்தக் கேள்விக்கு நிரந்தரமாகப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

கேமராவுடன் வந்த கார்டு 16 ஜிபி மட்டுமே கொண்டது என்பதால், ஊருக்குப் புறப்படும் நாளில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு கைப்பேசிக் கடையில் 128 ஜிபி கார்டு ஒன்றை வாங்கினேன். அது விரல் நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்டி கார்டு. அதைச் செருகிப் பெரிய கார்டாக்கிக்கொள்ள ஓர் அடாப்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். முகப்பில் 100 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதற்கடியில் மிகச் சிறியதாக, ஒரு வட்டத்துக்குள் 10 என்று இருந்ததை நான் பார்க்கத்தான் செய்தேன். ஆனால் சோப்பு உறையில் இருக்கும் எண்களைப் படிக்காதது போலவே அதையும் படிக்காமல் விட்டுவிட்டேன். விலை குறைவு, கொள்ளளவு அதிகம், எண்ணும் பெரியது. வேறென்ன வேண்டும்?

விழாவன்று காலையில் கோயிலுக்கு எதிர்வீட்டு மொட்டை மாடியில் இடம் பிடித்தேன். ஒரு பக்கம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன் கைப்பேசியுடன் நின்றான். மறுபக்கம் பக்கத்து ஊர் ஸ்டூடியோக்காரர், பெல்ட் நைந்துபோன பழைய கேமராவுடன் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்திருந்தார். படங்களை, கேமரா பார்த்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாகவும், சுருக்கிச் சிறிதாக்கும் ஜேபெக்காகவும் இரண்டு விதத்திலும் பதியும்படி என் கேமராவில் வைத்திருந்தேன். எதற்கு இரண்டும் என்றால், எதற்கும் இரண்டும் இருக்கட்டும் என்பதைத் தவிர என்னிடம் விடையில்லை. கல்யாண வீட்டில் இரண்டு பாயசம் போட்டால் நான் இரண்டையும் வாங்கிக்கொள்கிறவன்.

யாகசாலையிலிருந்து கடம் புறப்பட்டது. நாதஸ்வரமும் வெடியும் ஒன்றோடொன்று போட்டி போட, சிவாச்சாரியார்கள் தலையில் குடங்களுடன் மூங்கில் சாரத்தில் ஏறி விமானத்தை அடைந்தார்கள். கீழே நின்ற கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. ஆனால் பார்த்தது கலசத்தை அன்று, வானத்தை. குடமுழுக்கு நேரத்தில் கருடன் வந்து வட்டமிட வேண்டும் என்பது ஐதீகம். அது வரும்வரை பெரியப்பா பச்சைக்கொடியை அசைக்க மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம்.

திடீரென்று தென்னந்தோப்புப் பக்கத்திலிருந்து ஒரு பறவை எழும்பியது. "கருடன்! கருடன்!" என்று ஊரே கூவியது. நானும் லென்ஸை வானத்துக்குத் திருப்பி ஷட்டர் பட்டனை அழுத்தியபடியே இருந்தேன். சரவெடி போல் தடதடவென்று 17 படங்கள் விழுந்தன. அந்த ஒலியைக் கேட்டு ஸ்டூடியோக்காரர் திரும்பிப் பார்த்தார். எட்டு மாதத் தவணையும் அந்த ஒரு பார்வையில் வசூலாகிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அடுத்த நொடியே பெரியப்பா கொடியை அசைத்தார். நான் லென்ஸை விமானத்துக்குத் திருப்பி மீண்டும் அழுத்தினேன். மூன்று முறை அடித்துவிட்டுக் கேமரா நின்றது. வ்யூஃபைண்டருக்குள் "பிஸி" என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. 12 ஆண்டுகளாகச் சும்மா இருந்த கோயிலில், சரியாக அந்த நொடியில், என் கேமராவுக்கு வேறு வேலை வந்துவிட்டது! பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் மூன்று நொடிக்கு ஒருமுறை, விக்கல் எடுத்தவனைப் போல, ஒரே ஒரு "கட்" சத்தம் மட்டும் வந்தது. பின்பக்கத்தில் சிவப்பு விளக்கு ஓயாமல் மினுக்கியது. கார்டு மூடியைத் திறக்கப் போன என் கையை அக்கா மகன் தட்டிவிட்டான். "மாமா, விளக்கு எரியும்போது கார்டைத் தொட்டா எடுத்ததும் போயிடும். பஃபர் ஃபுல்!" என்றான். அவன் கைப்பேசி மட்டும் ஆடாமல் அசையாமல் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டூடியோக்காரர் எண்ணி நான்கு படம் எடுத்துவிட்டு லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டார். விளக்கு அணைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

மாலையில் படங்களைப் பார்க்கப் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உறவுக் கூட்டமே கூடிவிட்டது. பதினேழு படங்களில் பறவை. பதினெட்டாவதில் குடம் நிமிர்ந்திருந்தது, பத்தொன்பதாவதில் சற்றே சாய்ந்தது, இருபதாவதில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது; குடத்தின் விளிம்பில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இருபத்தொன்றாவது படத்தில் குடம் காலி. சிவாச்சாரியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாவதில் அவர் சாரத்தின் படியைக் காலால் தேடிக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்கேடா?" என்றார் பெரியப்பா.

அதற்குள் நான் அக்கா மகனிடம் பாடம் கேட்டு முடித்திருந்தேன். டெல்டா விவசாயிக்குப் புரியும்படி அதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்ததில் ஓர் உவமை கிடைத்தது. "பெரியப்பா, அறுவடை மெஷின் மணிக்கணக்கு வேலையை நிமிஷத்தில் முடிக்கிறது. ஆனால் நெல்லை மூட்டை பிடித்து எடை போட ஒரே ஒரு தராசுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லெல்லாம் எங்கே போகும்?" என்றேன். "களத்துல குவியும்" என்றார். "அந்தக் களம்தான் பஃபர். எடுத்த படம் நேரே கார்டுக்குப் போவதில்லை; கேமராவுக்குள் இருக்கும் அந்தத் தற்காலிக நினைவகத்தில் குவிந்து, அங்கிருந்துதான் கார்டில் ஏறுகிறது. களம் நிறைந்துவிட்டால், தராசு ஒரு மூட்டையை அனுப்பினால்தான் மெஷின் அடுத்த கட்டை அறுக்க முடியும். என் கேமராவின் களம் இருபது படத்தில் நிறைந்துவிட்டது" என்று முடித்தேன். பெரியப்பா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்: "சரி, அப்ப அம்மன் கோயில் களத்தை எதுக்குடா பருந்துக்குப் பட்டா போட்டுக் குடுத்தே?"

திண்ணை சிரித்து அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

வீடு திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கேமராவில் ஒரு ரா கோப்பு ஏறத்தாழ 28 எம்பி, ஜேபெக் 10 எம்பி; ஆக ஒரு அழுத்தலுக்கு 38 எம்பி. நொடிக்கு ஏழு என்றால் 266 எம்பி. கார்டின் முகப்பில் பெரிதாக இருந்த 100 என்பது படிக்கும் வேகமாம். அதாவது எடுத்த படத்தைக் கணினிக்கு மாற்றும்போது பயன்படுவது. எழுதும் வேகத்துக்கான உத்தரவாதம் அந்த வட்டத்துக்குள் இருந்த பத்துதான்: நொடிக்குக் குறைந்தது 10 எம்பி. நான் படிக்காமல் விட்ட சோப்பு உறை அது. கைக்கடிகாரத்தை வைத்துச் சோதித்ததில் என் கார்டு 12 எம்பி வரை எழுதியது. உத்தரவாதத்தைவிட இரண்டு கூடுதல் என்பதால், அதன் மேல் வழக்குப் போடவும் வழியில்லை. 266 உள்ளே வர, 12 வெளியே போனால் களம் நிறைய மூன்று நொடிகூட ஆகாது. அதன் பிறகு 38 எம்பியை எழுதி முடிக்க ஏறக்குறைய மூன்று நொடி. அதுதான் அந்த விக்கலின் இடைவெளி.

ஆத்திரத்தில் கேமராக் கடைக்குப் போய், இருப்பதிலேயே வேகமான கார்டைக் கேட்டேன். பின்புறம் இரண்டு வரிசையில் தங்க நிறப் பற்கள் கொண்ட, யுஎச்எஸ்-2 என்ற அதிவேக வகைக் கார்டை எடுத்து வைத்தார்கள். விலையைக் கேட்டதும் என் பற்கள் தெரிந்தன. நல்லவேளையாகக் கடையில் இருந்த முதியவர் ஒருவர் என் கேமராவின் கார்டு வாயிலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுதுல ஒத்த வரிசைதான் சார், இரண்டாவது வரிசை சும்மாத்தான் இருக்கும்" என்றார். ஒற்றை வரிசையான யுஎச்எஸ்-1 வழியில் நொடிக்கு 104 எம்பிதான் உச்சவரம்பு. அதற்கு மேல் எந்தக் கார்டைப் போட்டாலும் அந்த வழியில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். எனவே, யு என்ற எழுத்துக்குள் 3 என்றும் பக்கத்தில் வி30 என்றும் போட்டிருந்த, நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும் என்று உறுதி தருகிற நடுத்தர விலைக் கார்டு ஒன்றை வாங்கினேன். வீட்டில் சோதித்தபோது அது 75 எம்பி வரை எழுதியது.

அந்தச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, அதைக் குறிபார்த்து 30 நொடி பட்டனை அழுத்திப் பிடித்தேன். படங்களிலேயே நேரமும் பதிவாகிவிடுவதால் தனியாக எதையும் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய கார்டில் 28 படம், புதிய கார்டில் 78. பிறகு ராவை நிறுத்திவிட்டு ஜேபெக்கை மட்டும் வைத்துப் புதிய கார்டில் எடுத்தேன்; நொடிக்கு ஏழு பத்துகள் எழுபதுதானே, 75-க்குள் அடங்கிவிட்டது. கேமரா நிற்கவே இல்லை. 210 படங்களுக்குப் பிறகு என் மனைவி வந்து நிறுத்தினாள். என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது அடுத்த சோதனைதான். பழைய கார்டையே போட்டு ஜேபெக் மட்டும் எடுத்தபோது, 90 படம் வரை தடையில்லாமல் ஓடியது. அதாவது, அன்று காலையில் அந்த இரண்டாவது பாயசத்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால், பருந்தும் கிடைத்திருக்கும், தண்ணீரும் கிடைத்திருக்கும், புதிதாக ஒரு காசும் செலவாகியிருக்காது.

இதற்கிடையில் அந்தப் பதினேழு படங்களையாவது சட்டம் போட்டுக் கோயிலில் மாட்டலாம் என்று கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுகூடக் கலங்காமல், இறகு இறகாக, அற்புதமாக வந்திருந்தன. அதுதான் ஆபத்தாகப் போயிற்று. கருடன் என்று நாம் கும்பிடும் செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளையாக இருக்கும், வால் நுனி வட்டமாக வளைந்திருக்கும். என் படத்தில் இருந்ததோ முழுதும் பழுப்பு. வால் நுனி மீன் வாலைப் போலப் பிளந்திருந்தது. அது கரும்பருந்து, குப்பைமேட்டுக்கு மேலே தினமும் சுற்றுகிற அதே ஆசாமி. பெரியப்பாவுக்கு அனுப்பினேன். நெடுநேரம் கழித்து அழைத்தவர், குரலைத் தாழ்த்தி, "வாலை மட்டும் வெட்டிட்டு ஒரு படம் அனுப்பு, வேற யாருக்கும் காட்டாதே" என்றார்.

ஊர் நாட்காட்டியில் அச்சானது அக்கா மகன் கைப்பேசியில் எடுத்த படம். என் பழைய கார்டை அடுத்த முறை போனபோது கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மன் பாட்டுகள் ஏற்றி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டுப் பெட்டியில் செருகியிருக்கிறார்கள். பாட்டுக்கு நொடிக்கு 40 கேபி இருந்தாலே தாராளம் என்பதால், தினமும் அதிகாலை ஐந்தரை மணிக்கு ஓரிடத்திலும் திக்காமல் ஊரையே எழுப்புகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியப்பா வீட்டில் இருப்பவர்களிடம் சொல்கிறாராம்: "நல்லாத்தானே ஓடுது! அவனுக்குக் கார்டு போடத் தெரியலை."