ஒன்பது வருடம் தள்ளிப்போன மணப்பாட்டு நேர்ச்சை

மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்த 17 நாளும் அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளை பிழைச்சு வரட்டும். திருவிழாவுக்குத் திருச்செந்தூர்ல இருந்து நடந்தே வந்து மணப்பாட்டுச் சிலுவையை முத்தி செய்யுறோம்" என்று நேர்ந்துகொண்டதும் அங்கேதான். மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்; முத்தி என்றால் முத்தம்.

பிள்ளை பிழைத்தாள். நாங்கள் போகவில்லை.

போக வேண்டாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. முதல் வருடம் கைக்குழந்தை. அப்புறம் வேலை மாறியது, வீடு மாறியது. செப்டம்பர் திருவிழா வரும், போகும். மற்றதும் அப்படித்தான் ஆனது. ஞாயிறு பூசை மாதத்துக்கு ஒன்று என்றாகி, பிறகு கிறிஸ்மஸ், ஈஸ்டர் என்று சுருங்கியது. பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்று ஒருநாள் விட்ட இரவு செபம் அதோடு நின்றுபோனது. ஆண்டவரோடு எனக்குச் சண்டை எதுவும் கிடையாது. சண்டை என்றால் அந்த நாளாவது நினைவில் இருந்திருக்கும்.

இந்த வருடம் அம்மா போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "என் முட்டி இனிமே தாங்காது மக்கா."

சென்னையிலிருந்து திருச்செந்தூர் வரை ரயில். நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஆட்டோக்காரர்களும் வேன்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். நடந்து போகிறோம் என்றால் விடவே இல்லை. "சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படிக்கா நடப்பீங்க" என்று கையில் இருந்த பையைப் பிடித்து இழுக்கிறார் ஒருவர். நேர்ச்சையாக வருகிறவர்களிடமாவது கொஞ்சம் பொறுமையாக நடந்துகொள்ளக் கூடாதா? மனம் நொந்துபோனது.

மணப்பாடு அங்கிருந்து 18 கிலோமீட்டர். அம்மாவைப் பெரிய மாமாவோடு பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு நானும் மகளும் நடக்கத் தொடங்கினோம். ஆலந்தலை தாண்டும்வரை அவள் பாடிக்கொண்டே வந்தாள். குலசேகரன்பட்டினத்துக்கு முன்னால் ரோட்டோரத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. பின்னால் வந்த ஒரு கூட்டத்திலிருந்து பாட்டி ஒருத்தி ஒன்றும் கேட்காமல் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ஆண்டவர் அவரை ஆசீர்வதிக்கட்டும். அந்தக் கட்டோடுதான் என் மகள் மீதித் தூரத்தை நடந்தாள்.

மணல்மேட்டின் உச்சியில் வெள்ளையாய்த் திருச்சிலுவை ஆலயமும் பக்கத்தில் கலங்கரை விளக்கமும் தெரிந்தபோது அழுகை வந்துவிட்டது.

14ஆம் தேதி பெருவிழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கூட்டத்தைச் சொல்லி முடியாது. வரிசை என்று ஒன்று இருந்தாலும் மதிப்பார் இல்லை. முதியவர்களை இடித்துக்கொண்டு முன்னே போகிறார்கள். ஆலயத்துக்குள்ளேயே செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார்கள். மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் பிள்ளையின் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்கிறார்கள். அம்மா மட்டும் எதையும் கவனிக்காமல் முணுமுணுவென்று செபித்துக்கொண்டே நின்றார்.

காலைத் திருப்பலியில் சாமியார் பைபிளில் பவுலடிகள் போன கப்பலைப் பற்றிப் பேசியிருக்கிறார். புயலில் பதினான்காம் இரவு, கப்பலில் 276 பேர், பாறையில் மோதிவிடுமோ என்று பயந்து பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு விடியலுக்காக வேண்டிக்கொண்டு இருந்தார்கள் என்ற அந்த இடம். அதைக் கேட்டதிலிருந்து மாமாவுக்கு அதே பேச்சு. முப்பது வருடம் கடலுக்குப் போனவர் அவர். "முன்பக்கமா நங்கூரம் போட்டா கப்பல் சுத்தும். பின்பக்கமா போட்டா முகம் கரையப் பாத்தே நிக்கும். விடிஞ்சதும் நேரா கரைக்கு ஓட்டிரலாம். தெரிஞ்சுதான் போட்டிருக்கான்" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் ராத்திரி கடலில் காற்றே இல்லையாம். அலையும் இல்லை. நங்கூரம் போட வேண்டாம் என்று அப்படியே படுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது மணப்பாட்டு விளக்கு இருந்த பக்கத்தில் இல்லை. "புயல்னா முழிச்சிருப்போம். நீவாடு இழுக்கிறது படுத்திருக்கிறவனுக்குத் தெரியாது." நீவாடு என்பது கடல் நீரோட்டம். கேட்ட வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் வழுவிப் போய்விடுவோம் என்று பைபிளில் எபிரேயர் நிருபத்தில் வருகிறதே, அது எனக்குப் புரிந்தது அந்த வரிசையில் நின்றபோதுதான்.

அந்தச் சிலுவையே ஒரு கப்பலின் பாய்மரம்தான். 1540இல் புயலில் பாய்மரம் முறிந்து தத்தளித்த போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், கரை சேர்ந்தால் முறிந்த மரத்தில் சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டார் என்பார்கள். ஆலயம் எழுந்தது 1581இல். அவர் கரை இறங்கியதும் நேர்ச்சையை முடித்துவிட்டார். நான் ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மணிநேரம் கழித்துச் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து முத்தி செய்தார். பிறகு நான், பிறகு மகள். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எங்கள் விசுவாசத்தை அறிக்கையிடும் செபமான விசுவாசப் பிரமாணமாவது சொல்வோம் என்று ஆரம்பித்தேன். பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த... போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில்... அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. சிறுவயதில் தூக்கத்தில்கூடச் சொல்வேன். சிலுவை முன்னால் நின்றுகொண்டு, சிலுவையைச் சொல்லும் வரி மறந்துபோய் நிற்கிறேன். பக்கத்தில் மகள் என் வாயைப் பார்க்கிறாள். அவளுக்கு முதல் வரியே தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம் பண்ணப்பட்டார்" என்று அம்மா என் காதுக்குள் சொன்னார். பின்னாலிருந்து தள்ளினார்கள். இருந்தும் மூன்று பேரும் கடைசி வரி வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தோம். அந்த ஒரு நிமிடத்தை எனக்குக் கொடுத்த ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்வேன்! அந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்தார். நான் மறந்தேன், அவர் மறக்கவில்லை. அம்மாவின் முட்டிக்கு அந்த ஏற்றத்தில் பலம் கொடுத்தார். ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்.

கீழே இறங்கி, வேதம் போதிக்க வந்த புனித சவேரியார் தங்கியிருந்த குகைக்குப் போனோம். கடலை ஒட்டிய சின்னக் குகை. 1542இல் இந்தக் கரைக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாது. இங்குள்ளவர்களின் உதவியோடு இதே விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துபோகிறது என்று கடிதம் எழுதியவர் அவர்.

அம்மா குகைக்கு வெளியே நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து பேத்தியை மடியில் சாய்த்துக்கொண்டார். ஆச்சி ஒரு வரி, அவள் ஒரு வரி. கூட நானும்.

"ஆச்சி, போஞ்சு பிலாத்துன்னா யாரு?"

"சொல்றேன். முதல்ல முழுசா சொல்லி முடி."

மாமா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.